"ஒரு சுத்து பெருத்துட்ட மாதிரி இருக்கே!" – மிஸ்ஸி அக்கா பதில்கள்

பினாங்கு அரசாங்கக் கிளினிக்குகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற மிஸ்ஸி அக்கா, வாசகர்களின் உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எடையும் வயதும்தான். கல்யாண சீசன் முடிந்த கையோடு எழுதியிருக்கிறார்கள் போல.

பட்டர்வொர்த் வாசகி: எனக்கு 34 வயது. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு 14 கிலோ கூடிவிட்டது. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர், "என்னம்மா, ஒரு சுத்து பெருத்துட்ட மாதிரி இருக்கே" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இப்போது விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். கணவரிடம் சொன்னால், "நல்லதுக்குத்தானே சொல்றாங்க" என்கிறார். முட்டி வலிக்காக ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "உடம்பைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் என்ன செய்வது?

தங்கச்சி, உங்கள் கணவர் சொல்வதை ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்வோம். நல்லதுக்குச் சொல்கிறவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். பந்தியில், பத்து பேர் காதில் விழ, அதுவும் இலையில் கேசரி விழுகிற நேரம் பார்த்துச் சொல்ல மாட்டார். அதே பெரியம்மா கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் சரியாவே சாப்பிடல? இந்தப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துப்பா" என்றும் சொல்லியிருப்பாரே?

நான் பிறந்து வளர்ந்தது செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் பெண்ணைப் பார்த்து, "வீட்ல நல்ல சோறு" என்று மெச்சுவார்கள். எலும்பும் தோலுமாக இருந்தவர்களுக்குத்தான் பட்டப்பெயர். எனக்கு வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. விடியும் முன்னே எழுந்து, மரம் வெட்டி, பால் வாளி சுமந்து, அப்புறம் வீட்டு வேலையும் பார்த்த உடம்புகள் அவை. இப்போது சோறு அதே சோறுதான், கூடவே எண்ணெயும் சீனியும் ஏறியிருக்கின்றன. உழைப்புதான் மோட்டாருக்கும் லிஃப்ட்டுக்கும் போய்விட்டது. பட்டப்பெயர் வைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. அன்று ஒல்லியான பெண்ணுக்கு வைத்தார்கள், இன்று உங்களுக்கு வைக்கிறார்கள்.

நீங்கள் மட்டும் தனியாக இப்படி ஆகிவிடவில்லை. 2019-ல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் இரண்டு பேரில் ஒருவர் அதிக எடை அல்லது உடல் பருமன் என்று வந்தது. இந்தியர்களில் அது 63.9 விழுக்காடு. 2023-ல் நாட்டின் மொத்தக் கணக்கே 54.4 விழுக்காட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களை வரிசையாக எடைமேடையில் ஏற்றினால், உங்களைக் கிண்டல் செய்தவர்களில் பாதிப்பேர் உங்கள் பக்கத்தில்தான் வந்து நிற்பார்கள்.

இன்னொரு விஷயம். ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்கர்கள் இணையத்தில் செய்த பல லட்சம் மனப்போக்குச் சோதனைகளைத் தொகுத்து 2019-ல் வெளியிட்டார்கள். மனத்துக்குள் ஒளிந்திருக்கும் வெறுப்பு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். தோல் நிறம் பற்றியது குறைந்திருந்தது. பாலின நாட்டம் பற்றியது நன்றாகவே குறைந்திருந்தது. முதுமை பற்றியது பெரிதாக அசையவில்லை. உடல் எடை பற்றியது மட்டும் கூடியிருந்தது. அது அமெரிக்கா. நம்மூர் கல்யாண மண்டபத்தில் அந்தச் சோதனைக்கு வேலையே இல்லை. இங்கே யாரும் எதையும் மனத்துக்குள் ஒளித்து வைப்பதில்லை.

கிண்டலால் எடை குறைந்த ஆளை நான் கிளினிக்கில் பார்த்ததில்லை. அவமானப்பட்டவர்கள் தனியாக உட்கார்ந்து கூடுதலாகச் சாப்பிடுவார்கள், நடைப்பயிற்சிக்கு வெளியே வர வெட்கப்படுவார்கள், கிளினிக் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். மூன்றும் ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. ரத்தக் கொதிப்பு எகிறின பிறகுதான் எங்களிடம் வருவார்கள். வந்ததும் முதல் வார்த்தை, "மிஸ்ஸி, எடை மட்டும் பார்க்க வேண்டாமே" என்பதாக இருக்கும். நான் எடைமேடையின் முகப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் அட்டையில் எழுதிக்கொள்வேன். அதற்குக் காசும் ஆகாது, நேரமும் ஆகாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கல்யாணத்துக்குப் போங்கள். யாராவது ஆரம்பித்தால், "ஆமாம் பெரியம்மா, முட்டி வலி வேற. நாளைக்குக் காலையில என்னோட நடக்க வர்றீங்களா?" என்று கேளுங்கள். அந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிடும். ஒருவேளை அவர் நிஜமாகவே வந்துவிட்டால் அதுவும் லாபம்தான்.

முட்டிக்கு இன்னொரு டாக்டரைப் பாருங்கள். போனதும் நீங்களே சொல்லிவிடுங்கள்: "எடை ஒரு காரணம்னு எனக்குத் தெரியும். வேற ஏதாவது இருக்கான்னு முட்டியைப் பார்த்துச் சொல்லுங்க." எடைக்கும் முட்டிக்கும் சம்பந்தம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். முட்டித் தேய்மானம் உள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வில், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். அதனால் 14 கிலோவையும் இறக்கினால்தான் பலன் என்று மலைக்க வேண்டாம். மூன்று, நான்கு கிலோவுக்கே வித்தியாசம் தெரியும். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு சோதித்தீர்களா? கர்ப்பமாக இருந்தபோது இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருந்ததா? இருந்திருந்தால் இப்போது ரத்தத்தில் சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும். கணவரையும் கூட அழைத்துப் போங்கள், அவர் இடுப்பையும் அளந்துவிடலாம்.

செந்தூல் வாசகர்: எனக்கு வயது 58. உயரம், எடை வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கில் 24 வருகிறது. கிளினிக் அட்டவணையில் அது "அதிக எடை". ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் மகன், 25 வரைக்கும் நார்மல் என்கிறான். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் அவரவர் அட்டவணைப்படி சரிதான். நீங்கள் கிளினிக் பக்கம் நில்லுங்கள்.

இந்தக் கணக்கைப் போட்டவர் டாக்டரே கிடையாது. கெட்லே என்ற பெல்ஜியக் கணித அறிஞர், 1830-களில், சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று ஆராயப் போட்ட கணக்கு. பிஎம்ஐ என்ற பெயரே 1972-ல்தான் வந்தது. கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எங்கே தங்கியிருக்கிறது, இது எதுவும் அதற்குத் தெரியாது. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே இனிப்பு நீரும் இதய நோயும் வருவதால், 23-லிருந்தே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2004-ல் சொன்னது. நம்மூர் டாக்டர்களும் 23-ஐத்தான் எல்லையாக வைத்திருக்கிறார்கள், 27.5-க்கு மேல் போனால் பருமன்.

இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் எடுத்து 2004-ல் ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ அச்சு அசலாக ஒன்றே, 22.3. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 விழுக்காடு, நம் ஆளுக்கு 21.2. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. "எங்கப்பா ஒல்லிதான், அவருக்கு எப்படி இனிப்பு நீர் வந்துச்சு?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் இந்தப் படத்தைத்தான் நான் சொல்வேன்.

ஆகவே இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போகக்கூடாது. எங்கே அளப்பது என்பதில்தான் எல்லாரும் ஏமாற்றுவார்கள். பெல்ட் கட்டுகிற இடத்தில் அளக்கக்கூடாது. தொப்பைக்குக் கீழே பெல்ட்டை இறக்கிக் கட்டிக்கொண்டு, "இருபது வருஷமா எனக்கு 34 சைஸ்தான் மிஸ்ஸி" என்று சொன்ன அண்ணன்கள் எத்தனையோ பேர். கடைசி விலா எலும்பையும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு படியுங்கள். வயிற்றை உள்ளே இழுத்தால் கணக்கில் சேராது.

ஜார்ஜ்டவுன் வாசகி: ஊருக்கெல்லாம் எடை பற்றிச் சொல்கிறீர்களே, உங்கள் எடை என்ன அக்கா?

69 கிலோ. இடுப்பு 84, நான் மேலே சொன்ன எல்லையைத் தாண்டித்தான் இருக்கிறது. ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை. இனிப்பு நீர் இல்லை. ஒட்டடைக்குச்சி காலம் போய்விட்டது.

பிறை வாசகர்: மாமாக் கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) "கூராங் மானிஸ்", அதாவது இனிப்பு கம்மி, என்று சொல்லித்தான் வாங்குகிறேன். அது போதும்தானே?

ஒரு நாளைக்கு ஒன்று என்றால் பரவாயில்லை. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, வேலை முடிந்து ஒன்று, ராத்திரி பந்து விளையாட்டு பார்க்கும்போது ஒன்று என்றால் போதாது. அதில் ஊற்றும் டப்பா பாலில் பாதிக்கு மேல் சீனிதான். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 11 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நம் அரசாங்கம் 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் என்று சீனி வரியை ஆரம்பித்து, 2025-ல் 90 சென்னுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அது போத்தலிலும் டின்னிலும் வரும் பானத்துக்குத்தான். கடைக்காரர் ஆற்றித் தரும் கிளாசுக்கு வரி கிடையாது, அங்கே காவல்காரர் நீங்கள்தான். "தே ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) சொல்லிப் பழகுங்கள். முதல் வாரம் கஷாயம் மாதிரிதான் இருக்கும்.

ஆயர் ஈத்தாம் வாசகி: சொந்தக்காரப் பெண் ஒருத்தி ஃபேஸ்புக்கில் மெலியும் காப்பி விற்கிறாள். குடித்தவர்களுக்கு இரண்டே வாரத்தில் நாலு கிலோ குறைந்ததாம். பசியே எடுக்காதாம். வாங்கலாமா?

வாங்காதீர்கள். பசியே எடுக்காது என்றால் காப்பித்தூளில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். இப்படி விற்ற பல பொருள்களில் சிபுட்ராமின் என்ற மருந்தைக் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது ஒரு காலத்தில் டாக்டர்களே கொடுத்த மெலியும் மருந்துதான். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன என்று தெரிந்து 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையைவிட்டு எடுத்துவிட்டார்கள். நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, வாய் வறட்சி என்று குடித்தவர்கள் சொன்னால் உஷாராகிக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற மருந்து என்றால் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்க வேண்டும். காப்பி, பழச்சாறு என்று உணவுப் பெயரில் விற்பதே அந்த எண்ணிலிருந்து தப்பிக்கத்தான் பல நேரம். சொந்தக்காரப் பெண்ணிடம் சண்டை வேண்டாம். அவளும் குடிக்கிறாள் என்றால் முதலில் அவளுக்கு ரத்தக் கொதிப்பு பார்க்கச் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: எனக்கு 46 வயது, 98 கிலோ, இனிப்பு நீர் இருக்கிறது. டாக்டர் வாரம் ஒரு முறை போடும் ஊசியைப் பரிந்துரைத்தார். என் அக்கா, "அது குறுக்கு வழி. மனசு வச்சா சாப்பாட்டைக் குறைக்கலாம்" என்கிறார். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

உங்கள் அக்கா ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிறாரா? போட்டால், மனசு வைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் ஏன் மாத்திரை என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள். கண்ணாடி போடுவதைக் குறுக்கு வழி என்று யாரும் சொல்வதில்லை. எடை விஷயம் என்றால் மட்டும் நம்மவர்களுக்கு அது நோயாகத் தெரியாது, ஒழுக்கக் குறைவாகத்தான் தெரியும். சோம்பேறி, வாய்க்கு அடங்காதவள் என்று தீர்ப்பே எழுதிவிடுவார்கள். பசியையும் வயிறு நிறைந்த உணர்வையும் நடத்துவது மூளையும் குடலில் சுரக்கும் ஹார்மோன்களும். அந்த ஊசிகள் அப்படிப்பட்ட ஒரு ஹார்மோனைப் போல வேலை செய்கின்றன.

நல்லதை மட்டும் சொல்லி விட்டுவிட மாட்டேன். செமாகுளுடைட் என்ற மருந்தை, இனிப்பு நீர் இல்லாத பருமனானவர்களுக்கு 68 வாரம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் சராசரியாக உடல் எடையில் 15 விழுக்காடு குறைந்தது. நிறுத்தின ஓர் ஆண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் குறைவது அதைவிடக் கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கும். குமட்டல் வரும். கொழுப்போடு தசையும் கரையும். அதனால் டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்: எவ்வளவு காலம் போட வேண்டும், மாதம் எத்தனை வெள்ளி ஆகும், என் மற்ற இனிப்பு நீர் மருந்துகளின் அளவை மாற்ற வேண்டுமா. முட்டை, மீன், பருப்பு, தௌஃபூ, ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாரிடமும் வாங்கிவிடாதீர்கள்.

பாகான் டாலாம் வாசகி: 66 வயதில் தலைக்குச் சாயம், சிவப்புப் புடவை. "இந்த வயசுல எதுக்கு?" என்று என் மருமகள் முகம் சுளிக்கிறாள்.

கட்டுங்கள். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி என்பவர், அமெரிக்காவின் ஓஹாயோவில் 50 வயதைத் தாண்டிய 660 பேரின் கதையைப் பின்தொடர்ந்து பார்த்து 2002-ல் எழுதினார். தங்கள் முதுமையைப் பற்றி நல்லபடியாக நினைத்தவர்கள், சலித்துக்கொண்டவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். மருமகளுக்கு இதை வாசித்துக் காட்டினால் இன்னும் முகம் சுளிப்பாளோ என்னவோ. சாயத்தில் ஒன்று மட்டும்: கறுப்புச் சாயம் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தண்ணீர்மலைப் பக்கத்து வாசகர்: எனக்கு 71 வயது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மகன் வீட்டில் இருக்கிறேன். பிள்ளைகள் என்னை எதையும் செய்யவிடுவதில்லை. அரிசி மூட்டையைத் தொட்டால், "விடுங்கப்பா." தண்ணீர்மலைக் கோயில் படி ஏறுகிறேன் என்றால், "உக்காருங்க, கீழேயே கும்பிட்டுக்கலாம்." மரியாதையாகத்தான் வைத்திருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதமாகக் கால் தளர்ந்துகொண்டே வருவது போல் இருக்கிறது. வயதானால் இப்படித்தானா?

அண்ணே, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். குண்டாக இருப்பவரை நம் ஆட்கள் வாயால் படுத்துகிறார்கள். வயதானவரை நாற்காலியால் படுத்துகிறார்கள். பாசம்தான், யார் இல்லை என்றது? கையைப் பிடித்து உட்கார வைத்து, கையிலேயே தட்டைக் கொடுத்து, தண்ணீர் கிளாசைக்கூட எடுத்து நீட்டி, கடைசியில் அவர் எழுந்திருக்க முடியாதபோது, "அப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்பார்கள்.

வயதாவதால் தசை குறையும், அது உண்மை. முப்பதைத் தாண்டியதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பித்து, அறுபதுக்குப் பிறகு வேகமெடுக்கும். உட்கார்ந்தே இருந்தால் இன்னும் வேகம். ஆனால் திரும்ப ஏற்றவும் முடியும். 1990-ல் அமெரிக்காவின் போஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதுக்காரர்கள் பத்துப் பேரைப் பாரம் தூக்க வைத்தார்கள். எட்டு வாரம், காலுக்கு மட்டும். ஒருவர் நடுவில் நின்றுவிட்டார். மீதிப் பேரின் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இரண்டு பேர் ஊன்றுகோலை ஓரமாக வைத்துவிட்டார்கள். நீங்கள் அவர்களைவிட இருபது வயது இளையவர்.

ஆனாலும் நேரே படிக்கு ஓடாதீர்கள். ஆறு மாதத்தில் கால் தளர்ந்தது என்றால் முதலில் காரணம் பார்க்க வேண்டும்: ரத்தச் சோகை, இனிப்பு நீர், தைராய்டு, பி12 சத்துக் குறைவு, கொழுப்பைக் குறைக்கப் போடும் மாத்திரை, மனச்சோர்வு. கடைசியாகச் சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள், மனைவி போன பிறகு சாப்பாடு குறைந்துதான் இருக்கும். ஒரே கால் மட்டும் தளர்ந்தாலோ, நெஞ்சு அடைத்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரி. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்டிஆர் உதவித்தொகை வாங்கும் குடும்பம் என்றால், 40 வயதைத் தாண்டிய உங்களுக்கு பேக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது. மகனைக் கேட்கச் சொல்லுங்கள்.

டாக்டர் சரி என்றதும் வீட்டிலேயே ஆரம்பியுங்கள். கை வைக்காத, சக்கரம் இல்லாத நாற்காலி, சுவரோடு ஒட்டி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். முதல் நாள் கையை ஊன்றித்தான் எழ முடிந்தால் ஊன்றிக்கொள்ளுங்கள். காலையில் ஐந்து, மாலையில் ஐந்து, வாரம் போகப் போகக் கூட்டுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குவதில்தான் பாதி பலன். அப்புறம் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணுங்கள். ராத்திரி சோற்றோடு ஒரு முட்டையோ ஒரு துண்டு மீனோ கட்டாயம்.

கோயில் மேலே 513 படி. பாதி வழியில் உட்கார இடம் இருக்கிறது. வெயிலுக்கு முன்னால், காலை ஏழு மணிக்குப் போங்கள். முதல் தடவை ஐம்பது படி ஏறிவிட்டு இறங்கிவிடுங்கள். இறங்குவதுதான் முட்டிக்குக் கஷ்டம், கைப்பிடியை விடாதீர்கள். மகன் தடுத்தால், "நீயும் வா" என்று சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் மகனுக்கு 43 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் முதல் ஐம்பது படியில் மூச்சு வாங்குகிறாரா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.